தானாக எழ வேண்டிய கணினி

ஜூன் 5, வியாழன்

நான்கு நிமிட வேலை. இதற்காக என்னை இருபத்தொரு நாள், நாமக்கல் பக்கத்தில் ஒரு கோழிக்குஞ்சு பொரிப்பகத்தில் உட்கார வைத்திருக்கிறது கம்பெனி.

விஷயம் இதுதான். இன்று காலை செட்டரில் பத்தொன்பதாயிரத்து இருநூறு முட்டைகளை அடுக்கினார்கள். செட்டர் என்பது ஓர் அறை அளவுக்கு இரும்புப் பெட்டி. கோழிக்குப் பதிலாக அது அடைகாக்கிறது. உள்ளே சூடு கூடினாலோ விசிறி நின்றாலோ எங்கள் கணினி சைரன் அடிக்கும், எல்லோருக்கும் குறுஞ்செய்தி அனுப்பும். போன வருடம் இங்கே ஒரு ஈடு முட்டை முழுக்க வெந்துபோனதாம். விசிறி நின்றது யாருக்கும் தெரியவில்லை. அதனால்தான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

இங்கே தினம் ஒரு முறையாவது கரண்ட் போகும். ஜெனரேட்டர் பிடிக்க நாற்பது விநாடி. அந்த நாற்பது விநாடிக்காக நாங்கள் முன்பே வைத்த யூபிஎஸ் இரண்டும் அடுத்தடுத்து வெடித்துவிட்டன. மூன்றாவது வாங்க முதலாளி அர்த்தநாரி மறுத்துவிட்டார். ஆகவே கரண்ட் வந்ததும் கணினி தானாக எழ வேண்டும். கணினியை எழுப்புகிற அடிப்படை நிரலான பயாஸில் அதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. மின்சாரம் போய் வந்தால் அணைந்தே இரு, முன்பிருந்த நிலைக்குப் போ, அல்லது எழு. ‘எழு’ என்று வைத்தேன். பிளக்கைப் பிடுங்கிச் செருகினேன். எழுந்தது. முடிந்தது கதை.

முதலாளி சொன்னது: “இந்த ஈடு பொரிக்கற வரைக்கும் உங்க கம்ப்யூட்டரு ஒழுங்கா ஓடுனா கையெழுத்துப் போடறேனுங்க. இல்லீனா கழட்டி வண்டில ஏத்திக்குங்க.”

கம்பெனியில் என் ஆறு மாதச் சோதனைக் காலம் இந்த மாதம் முடிகிறது. மேலாளர் சேதுராமன் சார் அவர் பாணியில் நினைவூட்டினார்: “கையெழுத்தோட வா. இல்லைன்னா வராத.”

ஜூன் 6, வெள்ளி

எழவில்லை.

10.52க்குக் கரண்ட் போயிருக்கிறது. நான் டவுனில் கேபிள் வாங்கிக்கொண்டிருந்தேன். பதிவைப் பார்த்தால் கணினி எழுந்தது 12.01க்கு. மேற்பார்வையாளர் பாவாயி அக்காவைக் கேட்டேன். இருபது வருடமாக இங்கே முட்டைக்கு என்ன ஆனாலும் அவர்தான் பொறுப்பு. (நேற்று மேடம் என்றேன். “மேடமெல்லாம் டவுன்ல இருப்பாங்க, அக்கான்னு கூப்புடுங்க” என்றார்.)

“அக்கா, கம்ப்யூட்டர் ஏன் ஒரு மணி நேரம் ஆஃப்ல இருந்துச்சு?”

“தெரியலீங் தம்பி. பொறவு தானா வந்துருச்சுங்.”

தானாக வந்ததாம். அரை மணி நேரம் பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன். பத்துக்குப் பத்து முறை எழுந்தது.

ஜூன் 7, சனி

கரண்ட் மூன்று முறை போனது. மூன்று முறையும் எழுந்தது. நேற்றைய விவகாரம் ஒரு விபத்து.

ஜூன் 8, ஞாயிறு

விபத்து இல்லை. 4.41க்குக் கரண்ட் போனது. கணினி எழுந்தது 6.01க்கு.

அந்த நேரம் நான் சமையல்கட்டில் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன். பாவாயி அக்காதான் கூட்டிப் போனார். கரண்ட் போனதும், “இதா வந்தர்றேனுங்க” என்று ஓடியவர் திரும்பி வரவே இல்லை. நான் கணினி அறைக்குப் போனால் கதவு பூட்டியிருக்கிறது. உள்ளே கிருமி மருந்து தெளித்திருக்கிறாராம். கரண்ட் போனால் காற்றோட்டம் நிற்கும், கிருமி சேரும், ஆறு மணி வரை யாரும் உள்ளே போகக் கூடாது. பொரிப்பகத்து விதிகள் எனக்குத் தெரியாது. நின்றேன்.

பஜ்ஜி நன்றாக இருந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஜூன் 9, திங்கள்

மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரியை மாற்றினேன். அது செத்தால் பயாஸ் அமைப்புகள் மறந்துபோகும். பழைய பேட்டரி நல்ல உயிரோடுதான் இருந்தது. இருந்தாலும் மாற்றினேன்.

ஜூன் 11, புதன்

12.10க்குப் போனது. 1.31க்கு எழுந்தது. பேட்டரி இல்லை.

சாப்பாடு இன்று பன்னிரண்டு மணிக்கே. நேற்று ஒன்றரைக்கு. இந்த இடத்தில் சாப்பாட்டுக்கும் ஒழுங்கில்லை, மருந்து தெளிப்பதற்கும் ஒழுங்கில்லை. இலையில் உட்கார்ந்திருக்கும்போது மறுபடியும் மருந்து, மறுபடியும் பூட்டு.

“அக்கா, நான் முகமூடி போட்டுட்டுப் போறேன்.”

“ரசம் ஊத்தட்டுங்களா?”

ஜூன் 12, வியாழன்

1.44 முதல் 3.01 வரை. மருந்து.

கண்டுபிடித்துவிட்டேன். எழாத நாலு முறையும் மருந்து தெளித்திருக்கிறார்கள் (முதல் வெள்ளிக்கிழமையும்தான், கேட்டுவிட்டேன்). எழுந்த முறைகளில் தெளிக்கவில்லை. மருந்தின் ஆவி மின்சுற்றில் படிகிறது, காய்ந்ததும் கணினி எழுகிறது. இதை நான் முதல் நாளே யோசித்திருக்க வேண்டும்.

ஜூன் 13, வெள்ளி

கணினியைச் சோளக்கதிர் மாதிரி பிளாஸ்டிக் தாளில் சுற்றினேன். காற்றுக்கு மட்டும் ஓட்டை, ஓட்டைக்குப் பஞ்சு. பாவாயி அக்கா வாசலில் நின்று பார்த்தார்.

“குளுருதுங்களா அதுக்கு?”

பஞ்சை இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

இதற்கிடையே மதர்போர்டு தயாரித்தவர்களின் உதவி மையத்துக்கு விரிவாக எழுதியிருந்தேன். பதில் வந்தது. முதல் கேள்வி: சுவரில் சுவிட்ச் போடப்பட்டிருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டீர்களா? எலக்ட்ரானிக்ஸில் முதல் வகுப்பில் தேறியவனிடம் கேட்கிற கேள்வியா இது? நான்கு பத்தியில் திருப்பிக் கொடுத்தேன். மூன்றாம் பத்தி கொஞ்சம் காரம்.

ஜூன் 14, சனி

9.20 முதல் 10.31 வரை. பிளாஸ்டிக்குள்ளே பத்திரமாக எழாமல் இருந்தது.

ஜூன் 15, ஞாயிறு

கணினி எழுந்த நேரங்களை வரிசையாக எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். 12.01. 6.01. 1.31. 3.01. 10.31. எப்போதும் மணியோ அரைமணியோ முடிந்து ஒரு நிமிடம் தள்ளி. மின்கோளாறு கடிகாரம் பார்க்காது. இது வைரஸ். யாரோ வேண்டுமென்றே எழுதிய வைரஸ்.

பாவாயி அக்கா தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “எழுத்து அழகா இருக்குதுங் தம்பி” என்றார். முகம் ஒரு மாதிரி இருந்தது. என் உழைப்பைப் பார்த்துச் சங்கடப்படுகிறார் போலிருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவினேன். பழைய பதிவுகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான். காலை ஆறரைக்கு முடித்தேன். 7.48க்குக் கரண்ட் போனது. 9.01க்கு எழுந்தது. நடுவில் மருந்து, எனக்கு ஏழு இட்லி.

சேதுராமன் சாரிடம் சொன்னேன். “வேற சிஸ்டம் அனுப்பறேன். அதுவும் வரலைன்னா கோளாறு சிஸ்டத்துல இல்ல, உன்கிட்டதான்.”

ஜூன் 17, செவ்வாய்

புது கணினி. புது மதர்போர்டு, புது எல்லாம். 3.15க்குப் போனது. 4.31.

எழுத எதுவும் இல்லை.

ஜூன் 18, புதன்

எழுத நிறைய இருக்கிறது.

பழைய கணினியைத் திருப்பி அனுப்ப கூரியர் படிவம் நிரப்பினேன். தேதி சந்தேகம். சாப்பாட்டுக் கூடத்தில் ஓர் எண்ணெய்க் கடையின் தினசரிக் காலண்டர் தொங்குகிறது. நேற்றைய தாள் கிழிக்கப்படாமல் இருந்தது. கிழிக்கப் போனேன். செவ்வாய்க்கிழமை. கீழே பொடி எழுத்தில்: இராகு காலம் 3.00 – 4.30.

கையில் தாளோடு நின்றேன். அடுத்த தாள், புதன்: 12.00 – 1.30. அடுத்தது வியாழன்: 1.30 – 3.00. வெள்ளி: 10.30 – 12.00. ஏழு தாளையும் புரட்டி என் பட்டியலோடு ஒப்பிட்டேன். ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. என் பட்டியலில் தள்ளி நிற்கிற அந்த ஒரு நிமிடம், கணினி எழுந்திருக்க எடுத்துக்கொள்கிற நேரம்.

எங்கள் வீட்டிலும் இதே மாதிரி காலண்டர் உண்டு. அதை யாரும் என்னிடம் ஞாபகப்படுத்த வேண்டாம்.

உதவி மையத்துக்கு ஒரு வரி எழுதினேன். மூன்றாம் பத்தியைப் பொருட்படுத்த வேண்டாம் என்று.

ஜூன் 19, வியாழன்

நேராகவே கேட்டேன்.

“அக்கா, சுவிட்சை ஆஃப் பண்றது நீங்கதானே?”

“எந்த சுவிட்சுங்?”

“அக்கா.”

“ஆமாங்.”

“அந்த மருந்து?”

“பச்சத் தண்ணிங்.”

பன்னிரண்டு நாள் தண்ணீருக்குப் பயந்து கதவுக்கு வெளியே நின்றிருக்கிறேன். கணினிக்குப் பிளாஸ்டிக் சுற்றியிருக்கிறேன். பொறுமையாகத்தான் பேசினேன். ஜெனரேட்டர் அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குப் பொறுமை.

“செட்டர் மட்டும் ராகு காலத்துல ஓடலாமா?”

“அது நல்ல நேரத்துல ஆரம்பிச்சதுங்க. நடுவுல நின்னு ஓடுனா அது தொடர்ச்சி. உங்க கம்ப்யூட்டரு அப்படியா? ஒவ்வொருக்காவும் புதுசாப் பொறக்குது. பாட்டுப் போடுது. ‘நல்வரவு’ன்னு எழுதுது. அந்த நேரத்துல யாரை வரவேக்கறதுங் தம்பி?”

அந்தக் கேள்விக்குக் கல்லூரியில் பாடம் இல்லை.

பிறகு அவரே சொன்னார். போன வருடம் வெந்துபோன ஈட்டை வைத்தது ஒரு வெள்ளிக்கிழமை, பதினொன்றேகாலுக்கு. முட்டை கொண்டுவந்த வண்டிக்காரன் அவசரப்படுத்தினான். “எனக்கு மனசுல பட்டுச்சுங்க. வாயத் தொறந்து சொல்லல. பதினெட்டாவது நாளு. உள்ளயே கீச்சு கீச்சுன்னு கத்த ஆரம்பிச்சிருச்சு. பொறவு நின்னு போச்சு. பன்னெண்டாயிரம். குழி வெட்டி மூடுனது நானுங்க.”

“அது விசிறி பெல்ட் அறுந்ததால அக்கா.”

“நல்ல நேரத்துல வெச்சிருந்தா ஏனுங்க அறுந்துபோகுது?”

“சரி, கம்ப்யூட்டர் இல்லாத அந்த ஒன்றரை மணி நேரத்துல மறுபடி விசிறி நின்னா?”

“அதுக்குத்தான் நான் செட்டரு கதவுகிட்டயே நிக்கறனே. உங்களுக்குச் சோத்தப் போட்டுட்டு எங்க ஓடறேன்னு நெனச்சீங்க? இருபது வருசமா காதுலயே கேட்டுக்குவேன், விசிறி ஓடுதா இல்லியான்னு.”

போகும்போது ஒன்று கேட்டார். “உங்க யூபிஎஸ் ரெண்டும் எந்நேரத்துல வெடிச்சுதுன்னு பாத்தீங்களா?”

அபத்தம். பழைய பதிவில் பார்த்தேன். ஒன்று காலை ஆறுக்கு. இன்னொன்று திங்கள் 8.10. அவரிடம் சொல்லவில்லை, சொல்ல அவசியமில்லை.

ஜூன் 20, வெள்ளி

இது பொறியியல் பிரச்சினை இல்லை என்றாலும் பொறியியல் தீர்வு இருக்கிறது. கணினி எழும்போது வரும் இசையை எடுத்தேன். நல்வரவை எடுத்தேன். கம்பெனிச் சின்னம் சுற்றுவதை எடுத்தேன். கரண்ட் வந்ததும் கருப்புத் திரையில் ஒரே வார்த்தை வரும்: தொடர்கிறது. பிறகு நேரே வெப்பநிலைப் பக்கம், விட்ட இடத்திலிருந்து.

காட்டினேன். முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோய்ப் படித்தார்.

“அந்தப் பாட்டு?”

“எடுத்துட்டேன்.”

“அது நல்லா இருந்துச்சுங்களே.”

“அக்கா!”

“சரி சரி. யோசிக்கறேனுங்க.”

ஜூன் 21, சனி

சேதுராமன் சாரிடம் காரணத்தைச் சொன்னேன். சிரித்து முடிக்க இரண்டு நிமிடம் ஆனது. “நல்லதாப் போச்சு. அந்தம்மா பேரைப் போட்டு ரிப்போர்ட் அனுப்பு. தப்பு அவங்க பக்கம். கையெழுத்துப் போட்டே ஆகணும்.”

எழுதினேன். நான் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. ‘காரணம்: மேற்பார்வையாளர் பாவாயி, மின்தடையின்போது சுவர் சுவிட்சை அணைத்து, தண்ணீர் தெளித்து, அறையைப் பூட்டுகிறார்.’ ஒரு வரியில் உண்மை.

அனுப்பவில்லை. இங்கே நெட் மெதுவாக இருக்கிறது. மாலையில் ஒரு முழுப் படம் இறக்கிப் பார்த்தேன், சுமார்.

ஜூன் 22, ஞாயிறு

5.10க்குப் போனது. 6.01க்கு எழுந்தது. இன்னும் யோசித்து முடிக்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

பதினெட்டாம் நாள். முட்டைகளை ஹேச்சருக்கு மாற்றினார்கள். அது குஞ்சு வெளிவருகிற பெட்டி, இரண்டு இருக்கின்றன. என் சென்சார்களையும் மாற்றினேன். பாவாயி அக்கா ஒவ்வொரு தட்டையும் தானே தூக்கினார். மற்றவர்களை நம்பவில்லை. என்னிடம் ஒரு தட்டு கொடுத்தார். நூற்றைம்பது முட்டை. மார்போடு அணைத்துத் தூக்கினேன், தட்டு கனம்.

ஜூன் 25, புதன்

ஹேச்சர் கதவில் காதை வைத்தால் கீச்சொலி கேட்கிறது. முதலாளி நாளை வருகிறார். நெட் இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது.

ஜூன் 26, வியாழன்

முதலாளி மதியம் வந்தார். கறிச்சோறு சாப்பிட்டார். ஒன்றே முக்காலுக்குக் கணினி அறைக்கு வந்து நாற்காலியில் சாய்ந்து, என் பதிவுத் தாளை வாங்கிப் பார்த்தார். பாவாயி அக்கா வாசல் ஓரம் நின்றார். ரிப்போர்ட் என் சட்டைப் பையில் இருந்தது.

“எல்லாஞ் சரீங் தம்பி. எட்டு தடவ கரண்ட் வந்தும் இது வரலயே. ஏனுங்க?”

பையில் கை வைத்தேன். கை அங்கேயே நின்றது. ஏன் என்று தெரியவில்லை. வெக்கையாக இருந்தது.

“நாந்தானுங்க,” என்றார் பாவாயி அக்கா. “ராகு காலம்னு சுவிட்ச அமத்திப்போட்டேன். தம்பி மேல தப்பில்லீங்க. பாவம், பொட்டிக்குச் சட்டையெல்லாம் போட்டுப் பாத்துச்சு.”

முதலாளி அவரைப் பார்த்தார். பிறகு என்னை. பார்வை என்மேல்தான் நின்றது.

“ஏனுங் தம்பி, படிச்சவங்கதானே நீங்க? ராகு காலத்துல தானா ஸ்டார்ட் ஆகற மாதிரி ஒரு மெஷின எவனாச்சும் செய்வானா? இந்தம்மா இல்லீனா என்ன ஆயிருக்கும்!”

சோதனைக் காலம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். முடிந்த விதமும் எனக்குப் பிடிக்கவில்லை.

அப்போது கரண்ட் போனது. மணி 1.52.

விசிறிகள் அடங்கின. ஜெனரேட்டர் இருமி இருமிப் பிடித்தது. மூவரும் கணினியைப் பார்த்தோம். நான் பாவாயி அக்காவையும் பார்த்தேன். அவர் சுவிட்சைப் பார்த்தார். அசையவில்லை.

திரையில் வெளிச்சம் வந்தது. தொடர்கிறது.

“ஸ்டார்ட் ஆயிருச்சா?” என்று முதலாளி நிமிர்ந்தார்.

நான் பொய் சொல்வதில்லை. “ஸ்டார்ட் இல்லீங்க. விட்ட எடத்துல இருந்து தொடருது. அதுலயே எழுதியிருக்கு பாருங்க.”

“ஆமாங்க, தொடர்ச்சிதானுங்க,” என்றார் பாவாயி அக்கா.

முதலாளி திரையை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருக்கும்போதே சைரன் அலறியது. இரண்டாம் ஹேச்சரில் விசிறி ஓடவில்லை. ஜெனரேட்டர் பிடித்ததும் எல்லாம் ஓடின, அது மட்டும் நின்றுவிட்டது. திரையில் சூடு 37.1, 37.4, 37.8 என்று ஏறியது. உள்ளே எட்டாயிரத்துக்கு மேல் குஞ்சுகள், ஒவ்வொன்றும் தன் பங்குக்குச் சூட்டைக் கக்கிக்கொண்டு. பாவாயி அக்கா ஓடினார். இருபது வருடக் காது என்றாலும், ஜெனரேட்டர் இரைச்சலில் விசிறி நின்றது அவருக்குக் கேட்டிருக்காது என்று இப்போதும் சொல்வேன். கதவைத் திறந்து, நின்றுபோன விசிறியின் பொத்தானைத் தட்டினார். 38.3 வரை போன எண் நின்று, இறங்கியது.

திரும்பி வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. முதலாளி பேனாவை எடுத்தார். நான் ஒப்பந்தத் தாளை நீட்டினேன். கடிகாரத்தைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

“மூணு மணி ஆகட்டுமுங்க.”

ஒரு மணி நேரத்துக்கு மேல் மூவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். 3.01க்குக் கையெழுத்து. மற்ற இரண்டு பொரிப்பகத்துக்கும் இதே மாதிரி வேண்டும் என்றார். ‘தொடர்கிறது’ கொஞ்சம் பெரிய எழுத்தில்.

ஜூன் 27, வெள்ளி

பொரித்தவை பதினாறாயிரத்து நானூற்று அறுபது. வண்டியில் ஏற்றினார்கள். அறை முழுக்க மஞ்சளாக இரைச்சல். ஒன்று என் செருப்பின் மேல் ஏறி நின்றது, இறங்கவில்லை. எடுத்துப் பெட்டியில் விட்டேன். உடனே இல்லை.

கிளம்பும் முன் பாவாயி அக்காவைக் கேட்டேன்.

“நேத்து நீங்க ஏன் சுவிட்சை ஆஃப் பண்ணலைக்கா? அது தொடர்ச்சின்னு நம்பிட்டீங்கதானே?”

“அட போங்க தம்பி. இருபது வருசம் மெஷினோட இருக்கறேன், ஸ்டார்ட் ஆகறது எது, தொடர்றது எதுன்னு எனக்குத் தெரியாதுங்களா?”

“அப்ப குஞ்சுங்களுக்காக விட்டுட்டீங்க.”

“இல்லீங்க. அமத்தலாம்னுதான் பாத்தேன். மொதலாளி கறிச்சோத்தத் தின்னுபோட்டு, சுவிட்சுப் பலகைக்கு முன்னால காலை நீட்டி உக்காந்துட்டாருங்க. எப்படித் தாண்டறது?”

மற்ற இரண்டு இடங்களுக்கான வரைபடத்தைப் பேருந்திலேயே போட்டு முடித்தேன். சுவிட்ச் பலகைக்கு முன்னால், அரை அடி தள்ளி, கட்டமிட்டுக் காட்டியிருக்கிறேன்: சாய்வு நாற்காலி, எண்ணிக்கை ஒன்று, தரையோடு போல்ட் போட்டு முடுக்கவும். எதற்கு என்று சேதுராமன் சார் கேட்டார். தொழில்நுட்பக் காரணம் என்றேன்.